உங்கள் மடல் குப்பைக் கூடைக்குப் போவது ஏன்?

சென்னிமலைப் பக்கம் கைத்தறிப் போர்வை வியாபாரம் செய்யும் என் பழைய மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னதாக என்னைத் தேடி வந்தார். முகத்தில் கவலை தெரிந்தது.

"சார், கிடங்கு நிறையச் சரக்கு இருக்கிறது. புதுப் போர்வைகளின் விலைப்பட்டியலை 20,000 பேருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். ஓர் ஆர்டர்கூட வரவில்லை. அது போகட்டும் என்றால், அப்பா காலத்திலிருந்து எங்களிடம் வாங்குகிற வாடிக்கைக்காரர் போன் செய்து, 'பில் ஏன் அனுப்பவில்லை?' என்று கோபித்துக்கொள்கிறார். நான் அனுப்பிய பில் அவருடைய ஸ்பாம் பெட்டியில் கிடக்கிறது! எந்தெந்தச் சொற்களை எழுதக்கூடாது என்று சொல்லுங்கள் சார், எடுத்துவிடுகிறேன்" என்றார்.

நான் இயற்பியல் ஆசிரியன். கணிப்பொறி வல்லுநன் அல்லன். எனினும் அவருடைய கேள்விக்கு விடை காணப் புகுந்தபோது, அதனுள் நல்ல அறிவியல் ஒளிந்திருப்பதைக் கண்டேன். மேலும், அவர் கேட்ட கேள்வியே சரியான கேள்வி அன்று என்பதும் புலனாயிற்று. "எந்தச் சொல்லை எழுதலாம்?" என்று அவர் கேட்டார். ஆனால் மின்னஞ்சலைப் பிரித்து வைக்கும் வடிகட்டியோ, "இதை அனுப்பியவர் யார்? பெறுபவர் இதை விரும்புகிறாரா?" என்ற இரண்டு கேள்விகளையே முதன்மையாகக் கேட்கிறது. அது எவ்வாறு என்பதை இனிக் காண்போம்.

குப்பை மடல் பிறந்த கதை

மின்னஞ்சல் 1971-இல் பிறந்தது. அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் என்ற கணிப்பொறி வலையில், ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பிக் காட்டினார். முகவரியின் நடுவே இன்று நாம் போடும் '@' என்ற குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே.

ஏழு ஆண்டுகள்கூட அமைதியாகக் கழியவில்லை. 1978-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள், டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன் என்ற கணிப்பொறி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துர்க் என்பவர், அதே வலையில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். தம் நிறுவனத்தின் புதிய கணிப்பொறிகளைக் கலிஃபோர்னியாவில் காட்டப்போகிறோம், வந்து பாருங்கள் என்பதே செய்தி. பெற்றவர்களில் பலர் எரிச்சலுற்றனர், கண்டனங்கள் எழுந்தன. கேளாமல் வந்த முதல் விளம்பர மின்னஞ்சல் என்று இதனையே குறிப்பிடுகின்றனர்.

'ஸ்பாம்' என்ற பெயர் பின்னால் வந்தது. அது உண்மையில் தகர டப்பாவில் அடைத்து விற்கப்படும் ஒருவகை இறைச்சியின் பெயர். 1970-இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஒரு நகைச்சுவைக் காட்சியில், ஓர் உணவு விடுதியில் எந்தப் பண்டத்தைக் கேட்டாலும் அதில் ஸ்பாம் கலந்தே இருக்கும். விடுதியில் உள்ளவர்கள் "ஸ்பாம், ஸ்பாம்" என்று பாடிப் பாடி மற்றவர் பேச்சைக் கேட்கவொட்டாமல் செய்துவிடுவார்கள். வேண்டாத மடல்கள் வேண்டிய மடல்களை மூழ்கடிப்பதைக் குறிக்க இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

தபால்தலை இல்லாத தபால்

சாதாரண அஞ்சலில் 20,000 பேருக்கு விளம்பரம் அனுப்பவேண்டுமானால் என்ன ஆகும்? தாள், அச்சு, உறை, தபால்தலை என்று பெருஞ்செலவு. ஆகவே அனுப்புபவர் இருமுறை யோசிப்பார். மின்னஞ்சலிலோ ஒன்று அனுப்புவதற்கும் ஓராயிரம் அனுப்புவதற்கும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. செலவு அனைத்தும் மறுபக்கம் போய்விடுகிறது. பெறுபவரின் நேரமும், அவருக்காக மடல்களைச் சேமித்து வைக்கும் கணிப்பொறியின் இடமும் வீணாகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. மின்னஞ்சலை ஒரு கணிப்பொறி மற்றொன்றிடம் ஒப்படைக்கும் முறையை ஜான் போஸ்டல் என்ற அறிஞர் 1982-இல் வரையறுத்தார். எஸ்.எம்.டி.பி. எனப்படும் அம்முறையின் வழிவந்ததே இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. வலையில் இருந்தவர்கள் அன்று ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள். ஆகவே "நான் இன்னார்" என்று அனுப்புபவர் சொன்னால் அதை அப்படியே நம்பும் வகையில் அம்முறை அமைந்துவிட்டது. ஓர் உறையின் பின்புறம் 'அனுப்புநர்' என்ற இடத்தில் நீங்கள் யாருடைய பெயரை வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போடலாம். தபால்காரர் கேட்கமாட்டார் அல்லவா? அதே நிலைதான் இங்கும். வங்கியின் பெயரில் மோசடி மடல் எழுதுவது இதனால்தான் எளிதாயிற்று.

செலவும் இல்லை, அடையாளச் சோதனையும் இல்லை என்றால், வாயிலில் ஒரு காவலன் தேவைப்படுவது இயல்பே. அந்தக் காவலனே வடிகட்டி.

சொற்களை எடைபோடும் கணக்கு

தொடக்க கால வடிகட்டிகள் மிக எளியவை. 'பரிசு', 'இலவசம்' போன்ற சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அவற்றில் ஒன்று இருந்தால் மடலைத் தள்ளிவிடும். என் மாணவர் மனத்தில் இருந்ததும் இந்தப் படமே. ஆனால் இம்முறையில் ஒரு கோளாறு உண்டு. "பள்ளி விளையாட்டில் என் மகளுக்கு முதற்பரிசு கிடைத்தது" என்று அண்ணன் எழுதும் கடிதமும் தள்ளப்பட்டுவிடுமே!

இதற்கு விடை, இரண்டரை நூற்றாண்டுக்கு முந்திய ஒரு கணக்கில் இருந்தது. தாமஸ் பேயஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், நிகழ்தகவு பற்றி ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தார். அவர் 1761-இல் இறந்தபின், 1763-இல் அது வெளியாயிற்று. ஒரு தடயம் கிடைக்கும்போது நம் முந்திய கணிப்பை எவ்வளவு மாற்றிக்கொள்ளவேண்டும் என்பதைக் கூறுவது அது. 1998-இல் ஆராய்ச்சியாளர் சிலர் இக்கணக்கைக் குப்பை மடலுக்குப் பொருத்திப் பார்த்தனர். 2002-இல் பால் கிரஹாம் என்ற கணிப்பொறி நிரலாளர் எழுதிய ஒரு கட்டுரைக்குப்பின் இது பெரிதும் பரவியது.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்குவோம். எண்கள் கணக்கிற்காக நாம் வைத்துக்கொண்டவையே.

ஒரு நெசவாளரின் பெட்டிக்கு 1000 மடல்கள் வந்துள்ளன. அவற்றில் 500 குப்பை, 500 நல்லவை. குப்பை 500-இல் 200 மடல்களில் 'பரிசு' என்ற சொல் உள்ளது. நல்லவை 500-இல் 10 மடல்களில் மட்டுமே அச்சொல் உள்ளது. இப்போது 'பரிசு' என்ற சொல்லுடன் புதிய மடல் ஒன்று வருகிறது. அச்சொல் உள்ள மடல்கள் மொத்தம் 210. அவற்றில் 200 குப்பை. ஆகவே புதிய மடல் குப்பையாக இருக்க வாய்ப்பு 200/210, அதாவது நூற்றுக்குச் சுமார் 95.

இத்துடன் தீர்ப்புக் கூறிவிட்டால் அண்ணன் கடிதம் அகப்பட்டுக்கொள்ளும். ஆனால் வடிகட்டி மடலின் மற்றச் சொற்களையும் பார்க்கிறது. அம்மடலில் 'தறி' என்ற சொல்லும் இருக்கிறதென்று கொள்வோம். அது குப்பை 500-இல் ஒரே ஒரு மடலிலும், நல்லவை 500-இல் 50 மடல்களிலும் வந்திருந்தது. 'பரிசு' என்ற சொல் குப்பையின் பக்கம் 20 மடங்கு இழுக்கிறது. 'தறி' என்ற சொல் நல்ல மடலின் பக்கம் 50 மடங்கு இழுக்கிறது. இரண்டையும் சேர்த்தால் 20-க்கு 50 என்ற விகிதம் வருகிறது. குப்பையாக இருக்கும் வாய்ப்பு 20/70, அதாவது நூற்றுக்கு 29 அளவில் இறங்கிவிட்டது! மடல் தப்பியது.

சொற்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே வருகின்றன என்று கொண்டு போட்ட கணக்கு இது. மொழியில் அது முற்றிலும் உண்மையன்று. ஆயினும் நடைமுறையில் இக்கணக்கு வியப்பூட்டும் அளவுக்கு நன்றாக வேலை செய்கிறது. இதிலிருந்து நாம் அறிவது யாதெனில், எந்தத் தனிச் சொல்லும் ஒரு மடலைக் கெடுத்துவிடுவதில்லை. எந்தத் தனிச் சொல்லை நீக்கினாலும் மடல் நல்லதாகிவிடுவதும் இல்லை.

ஒளித்தால் கெடும்

விளம்பரக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 'பரிசு' என்ற சொல்லைப் 'ப.ரி.சு' என்று புள்ளி வைத்து எழுதினார்கள். வடிகட்டிக்கு அச்சொல் தெரியாது என்பது அவர்கள் எண்ணம். முதல்நாள் அது பலிக்கவும் கூடும். ஆனால் மேலே கண்ட கணக்கை மீண்டும் பாருங்கள். 'பரிசு' என்ற சொல் நல்ல மடல்களிலும் எப்போதாவது வரும். 'ப.ரி.சு' என்று எந்த அண்ணன் தங்கைக்கு எழுதுவான்? நல்ல மடல்களில் அது வருவதே இல்லை. எனவே சில நாள்களில் அந்த மாறுவேடச் சொல், மூலச் சொல்லைவிட வலுவான தடயமாகிவிடும். திருடன் முகத்தில் கட்டிய துணியே அவனைக் காட்டிக்கொடுத்த கதை இது.

எழுத்தே இல்லாமல் செய்தி முழுவதையும் ஒரு படமாக அனுப்புவது, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் நல்ல சொற்களைக் கொட்டி வைப்பது ஆகிய தந்திரங்களுக்கும் இதே கதிதான். ஒளிப்பது என்ற செயலே ஓர் அடையாளமாகிவிடுகிறது.

2001-இல் வெளிவந்து இன்றும் வழக்கில் உள்ள ஸ்பாம் அசாசின் என்ற இலவச வடிகட்டி, நம் கல்லூரித் தேர்வுபோல மதிப்பெண் போடுகிறது. ஒவ்வொரு சந்தேகத்திற்கும் சில புள்ளிகள் கூடும். நல்ல அறிகுறிகளுக்குக் குறையும். மொத்தம் 5 புள்ளிகளை எட்டினால் அம்மடல் ஸ்பாம் என்று முத்திரையிடப்படும். இந்த 5 என்ற எல்லையைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எங்கே வைப்பது? இங்கேதான் சிக்கல் எழுகிறது.

இருவகைத் தவறுகள்

ராடார் திரையின்முன் அமர்ந்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். திரையில் ஒரு மங்கிய புள்ளி தெரிகிறது. அது விமானமா, வெறும் இரைச்சலா? அவர் இருவகையில் தவறலாம். இரைச்சலை விமானம் என்று எண்ணிச் சங்கு ஊதலாம்; விமானத்தை இரைச்சல் என்று எண்ணி விட்டுவிடலாம். ஒரு தவற்றைக் குறைக்க முனைந்தால் மற்றது கூடும். இரண்டையும் ஒருங்கே பூச்சியமாக்க முடியாது.

சல்லடையும் அப்படித்தானே? கண் பெரிதானால் கல்லும் விழும். கண் சிறிதானால் அரிசியும் நிற்கும். குப்பை மடல் ஒன்று தப்பி உள்ளே வந்தால் நமக்கு நட்டம் ஒரு நொடி நேரம். அழித்துவிட்டுப் போகலாம். நல்ல மடல் ஒன்று குப்பைக்குப் போனால்?

எங்கள் கல்லூரியில் முதுகலை முடித்த ஒரு மாணவிக்கு ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரவேண்டியிருந்தது. நாள்தோறும் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை என்று முடிவு செய்து, தற்செயலாக ஒருநாள் ஸ்பாம் பெட்டியைத் திறந்தார். அழைப்பு அங்கே இருந்தது. தேர்வு நாள் கடந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த மாணவியிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கணக்கில் அது ஒரு 'தவறு'. அவருக்கோ ஓர் ஆண்டு.

ஆகவே வடிகட்டியை அமைப்பவர்கள், நல்ல மடல் சிக்கிக்கொள்ளும் தவற்றை மிகமிகக் குறைக்கவே முயல்கின்றனர். அதற்குச் சொற்கள் மட்டும் போதா. அனுப்பியவர் யார் என்பதை உறுதியாக அறிய ஒரு வழி வேண்டும்.

மூன்று முத்திரைகள்

1982-இல் விட்டுப்போன அடையாளச் சோதனை, பிற்காலத்தில் மூன்று படிகளில் சேர்க்கப்பட்டது.

முதலாவது, எஸ்.பி.எஃப். என்பது. முகவரியில் '@' குறிக்குப் பின்னால் வரும் பகுதியை டொமைன் பெயர் என்கிறோம். அது ஒரு நிறுவனத்தின் வீட்டுப்பெயர் போன்றது. அந்த டொமைனின் உரிமையாளர், "என் பெயரில் மடல் அனுப்ப இந்தெந்தக் கணிப்பொறிகளுக்கே அனுமதி" என்று ஒரு பட்டியலை இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் எல்லாரும் காணும்படி எழுதி வைத்துவிடுகிறார். மடலைப் பெறும் கணிப்பொறி அப்பட்டியலைப் பார்த்து, கொண்டுவந்தவர் அதில் உள்ளவர்தாமா என்று சோதிக்கிறது. இதன் வரையறை 2006-இல் வெளியாயிற்று.

இரண்டாவது, டி.கே.ஐ.எம். என்பது. அக்காலத்தில் ஓலையைக் கட்டி அரக்கு முத்திரை வைப்பார்கள் அல்லவா? அதைப் போன்றது இது. மடலின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு ஒரு சுருக்க எண் எடுக்கிறார்கள். மடலில் ஓர் எழுத்து மாறினாலும் இந்த எண் மாறிவிடும். இவ்வெண்ணை முதலாகக் கொண்டு, அனுப்புபவர் தம்மிடம் மட்டுமே உள்ள மறைசாவியால் ஒரு கையொப்பம் உருவாக்குகிறார். அதற்கு இணையான பொதுச்சாவி, முன்சொன்ன பதிவேட்டில் எல்லாருக்கும் கிடைக்கும். பொதுச்சாவியால் கையொப்பத்தைச் சரிபார்க்கலாம். ஆனால் புதிய கையொப்பம் போட முடியாது. இதன் வரையறை 2007-இல் வந்தது. ஒருவர் தமக்கு வந்த மடலைத் தானாகவே வேறொரு முகவரிக்குத் திருப்பி அனுப்பும்படி வைத்திருந்தால், இடையில் வேறு கணிப்பொறி புகுவதால் முதற் சோதனை தோற்றுவிடலாம். அரக்கு முத்திரையோ உடையாமல் உடன்வரும்.

மூன்றாவது, டிமார்க் என்பது. 2012-இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து இதனை வெளியிட்டன. பெறுபவர் கண்ணுக்குத் தெரியும் 'அனுப்புநர்' பெயரும், மேற்கண்ட சோதனைகளில் ஒன்றிலாவது தேறிய பெயரும் ஒன்றா என்று பார்ப்பது இதன் வேலை. இல்லையென்றால் என்ன செய்வது என்பதையும் டொமைன் உரிமையாளரே பதிவேட்டில் சொல்லி வைக்கலாம். சும்மா விடு, ஸ்பாம் பெட்டியில் போடு, வாசலிலேயே திருப்பிவிடு என மூன்று கட்டளைகள் உண்டு. தம் பெயரில் யார் யார் மடல் அனுப்புகிறார்கள் என்ற அறிக்கையும் அவருக்கு வந்துசேரும்.

என் மாணவருக்குக் கடையின் பெயரில் சொந்த டொமைன் இருந்தது. ஆனால் இம்மூன்றில் ஒன்றுகூட அமைக்கப்படவில்லை. வடிகட்டியின் கண்ணுக்கு அவர் கையொப்பமும் முகவரியும் இல்லாத ஒரு மொட்டைக் கடிதக்காரர்!

நற்பெயர் என்ற நாணயம்

முத்திரை இருந்தால் மட்டும் போதுமா? போதாது. "இவர் இன்னார்" என்பதை முத்திரை உறுதி செய்கிறது. "இவர் நல்லவர்" என்று அது சொல்வதில்லை. அதற்கு அவருடைய பழைய நடத்தையைப் பார்க்கவேண்டும். ஊரில் ஒருவருக்குக் கடன் கொடுக்குமுன் அவருடைய நாணயத்தை விசாரிப்பதில்லையா?

1997-இல் பால் விக்ஸி என்பவர், குப்பை மடல் அனுப்பும் கணிப்பொறிகளின் எண்முகவரிகளைக் கொண்ட கறுப்புப் பட்டியல் ஒன்றைத் தொடங்கினார். 1998-இல் ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்புத் தோன்றி, இத்தகைய பட்டியல்களை இன்றும் நடத்திவருகிறது. ஜிமெயில் போன்ற பெரிய அஞ்சல் நிறுவனங்கள் தாமே ஒவ்வொரு டொமைனுக்கும் நன்மதிப்புக் கணக்கு வைத்துள்ளன. அக்கணக்கைக் கெடுப்பவை எவை?

ஒன்று, இல்லாத முகவரிகள். ஒருவர் அனுப்பும் மடல்களில் பல "இந்த முகவரியில் யாரும் இல்லை" என்று திரும்பினால், அவர் தம் வாடிக்கைக்காரர்களை அறியாதவர் என்பது தெளிவு.

இரண்டு, பொறி முகவரிகள். நீண்டகாலம் கைவிடப்பட்ட முகவரிகள் சிலவற்றையும், எவரிடமும் கொடுக்கப்படாத முகவரிகள் சிலவற்றையும் எலிப்பொறிபோல வைத்திருக்கிறார்கள். அம்முகவரிக்கு உரியவர் எவரும் இல்லை. ஆகவே எவரும் அதை விரும்பிக் கொடுத்திருக்க முடியாது. அங்கு ஒரு மடல் வந்தால், அனுப்பியவர் முகவரிகளை விலைக்கு வாங்கினார் அல்லது திரட்டினார் அல்லது பல ஆண்டுகளாகச் சரிபார்க்கவில்லை என்று பொருள்.

மூன்று, திடீர்ப் பெருக்கு. நாளொன்றுக்கு 20 மடல் அனுப்பிய டொமைன் ஒருநாள் 20,000 அனுப்பினால், கணிப்பொறியை யாரோ கைப்பற்றிவிட்டார்களோ என்ற ஐயம் எழும்.

நான்கு, எல்லாவற்றிலும் முக்கியமானது, பெறுபவரின் புகார். 'ஸ்பாம் என அறிவி' என்ற பொத்தானை நீங்கள் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு வாக்கு அளிக்கிறீர்கள். ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் இதற்கு விதிகள் வகுத்து நடைமுறைப்படுத்தின. தம் பயனர்களுக்கு ஒரே நாளில் 5000 மடல்கள் அளவில் அனுப்புவோர் மேற்கண்ட மூன்று முத்திரைகளையும் வைத்திருக்கவேண்டும் என்று கூகுள் கூறுகிறது. புகார் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக்கூடாது, 0.1 விழுக்காட்டிற்குக் கீழே இருப்பதே நலம். 0.3 விழுக்காடு என்றால் ஆயிரத்தில் மூன்று! 20,000 பேரில் வெறும் 60 பேர் அப்பொத்தானை அழுத்தினால் எல்லையைத் தொட்டுவிடும்.

"அந்த 20,000 முகவரிகள் எங்கே கிடைத்தன?" என்று என் மாணவரைக் கேட்டேன். சற்றுத் தயங்கினார். "ஒருவரிடம் விலைக்கு வாங்கினேன் சார்" என்றார். "உங்களிடம் உண்மையாகவே போர்வை வாங்கியவர்கள் எத்தனை பேர்?" என்றதற்கு, "ஆயிரத்து இருநூறு இருக்கும்" என்றார். நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. வாங்கிய பட்டியல் அவருடைய பெயரைக் கெடுத்தது. கெட்ட பெயரில் போன பில்லும் குப்பைக்குப் போயிற்று.

சட்டமும் வடிகட்டியும்

"விளம்பரம் அனுப்புவது சட்டப்படி குற்றமா?" என்றும் அவர் கேட்டார். இதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் 2003-இல் இயற்றப்பட்ட சட்டம், முன் அனுமதி இல்லாமலே விளம்பர மடல் அனுப்ப இடம் தருகிறது. ஆனால் தலைப்பில் பொய் கூடாது; அனுப்புபவரின் அஞ்சல் முகவரி இருக்கவேண்டும்; வேண்டாம் என்றவரை 10 வேலை நாள்களுக்குள் நீக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறையோ, தனிமனிதருக்கு அனுப்பப் பொதுவாக முன் சம்மதம் வேண்டும் என்கிறது.

ஆயினும் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். சட்டம் அனுமதித்துவிட்டது என்பதற்காக வடிகட்டி வழிவிடுவதில்லை. 10 நாள் தவணை தரும் சட்டத்தைவிட, இரண்டு நாள்களில் நீக்கு என்னும் 2024-ஆம் ஆண்டு விதி கடுமையானது.

செய்யவேண்டியவை

உங்களில் சிலர் சிறுதொழில் நடத்தலாம். சிலர் பள்ளி, சங்கம், நூலகம் ஆகியவற்றின் செய்திகளைப் பலருக்கு அனுப்பலாம். உங்கள் மடல் சேரவேண்டிய இடத்தைச் சேர, நான் என் மாணவருக்குக் கூறியவற்றையே இங்குத் தருகிறேன்.

முதலில், கேட்டவருக்கு மட்டுமே அனுப்புங்கள். ஒருவர் முகவரி கொடுத்ததும், "நீங்கள்தாம் கேட்டீர்களா? ஆம் எனில் இதை அழுத்துங்கள்" என்று ஒரு மடல் அனுப்பி உறுதி செய்துகொள்வது மேலும் நல்லது. தவறாக எழுதப்பட்ட முகவரிகளும் இதில் கழிந்துவிடும். முகவரிப் பட்டியலை ஒருபோதும் விலைக்கு வாங்காதீர்கள்.

இரண்டாவதாக, மூன்று முத்திரைகளையும் அமையுங்கள். உங்கள் டொமைனைப் பதிவு செய்துகொடுத்தவரிடம் கேட்டால் செய்துகொடுப்பார். ஒருமுறை செய்தால் போதும்.

மூன்றாவதாக, வெளியேறும் கதவை அகலத் திறந்து வையுங்கள். 'இனி வேண்டாம்' என்று ஒரே அழுத்தில் விலகும் வசதிக்கு 2017-இல் வரையறை வந்துவிட்டது. பெருமளவில் விளம்பரம் அனுப்புவோர்க்கு 2024 முதல் ஜிமெயில் இதைக் கட்டாயமாக்கியுள்ளது. கதவு தெரியாதவர் வேறு என்ன செய்வார்? புகார்ப் பொத்தானை அழுத்துவார். விலகிப் போகிறவரால் உங்களுக்கு நட்டம் ஒரு வாசகர். புகார் செய்கிறவரால் நட்டம் உங்கள் பெயர்.

நான்காவதாக, திரும்பி வரும் முகவரிகளை உடனே நீக்குங்கள். பல மாதங்களாக மடலைத் திறக்காதவர்களுக்கு அனுப்புவதை நிறுத்துங்கள்.

ஐந்தாவதாக, சிறிது சிறிதாக அனுப்பத் தொடங்கி, படிப்படியாகக் கூட்டுங்கள். பில், ரசீது போன்ற தேவையான மடல்களையும் விளம்பரங்களையும் வெவ்வேறு முகவரிகளிலிருந்து அனுப்புங்கள்.

இறுதியாக, தலைப்பில் உள்ளதே மடலிலும் இருக்கட்டும். நண்பருக்கு எழுதுவதுபோல் எழுதுங்கள். 'தள்ளுபடி' என்ற சொல்லுக்கு அஞ்சவேண்டாம். உண்மையான தள்ளுபடியாக இருந்தால் சரி.

பெறுபவராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. வாரம் ஒருமுறை ஸ்பாம் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஜிமெயிலில் 30 நாள்களுக்குப்பின் அங்குள்ளவை தாமாகவே அழிந்துவிடும். நல்ல மடல் ஏதேனும் இருந்தால், எடுத்துப் படிப்பதோடு நில்லாமல் 'ஸ்பாம் அன்று' என்ற பொத்தானையும் அழுத்துங்கள். வடிகட்டி அதிலிருந்து பாடம் கற்கும். நீங்களே விரும்பிச் சேர்ந்த இதழை நிறுத்த விரும்பினால், விலகும் வழியைத் தேடுங்கள். சோம்பலால் ஸ்பாம் என்று அறிவித்துவிடாதீர்கள். அந்த வாக்கு நேர்மையான ஒருவரின் பிழைப்பைக் கெடுக்கக்கூடும்.

என் மாணவர் அந்தப் பெரிய பட்டியலை அழித்தார். தம் சொந்த வாடிக்கைக்காரர்களுக்கு மட்டும், நாள்தோறும் சிறிது சிறிதாக, முத்திரையுடன் அனுப்பத் தொடங்கினார். அந்தத் தீபாவளி போனது போனதுதான். இழந்த பெயர் ஒரு வாரத்தில் திரும்புவதில்லை. பொங்கல் நெருங்கியபோது அவர் மீண்டும் வந்தார். கையில் ஒரு போர்வை. "பில் போய்ச் சேர்ந்துவிட்டது சார். இன்னும் பத்துப் போர்வை வேண்டுமென்று பதிலும் எழுதியிருக்கிறார்" என்றார்.

வடிகட்டியை ஏமாற்றும் வழி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அது தேவையும்படவில்லை.